ஆடத் தெரியாத ஊருக்கு ஆட்டம் அமைப்பது

(நடன, நாடக ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பரதம் சொல்லிக்கொடுப்பவர்கள். மீதிப் பேர் பள்ளிகளில் ஆண்டுவிழா என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு போர் நடத்துகிறவர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. ஆட வராதவரை மேடையில் எங்கே நிறுத்துவது? தாளம் காதில் ஏறாத பையன், குனிந்தால் நிமிர முடியாத மாமா, ஒத்திகைக்கு இரண்டு நாள் வந்தால் மூன்று நாள் வராத பெண். இவர்களை வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வந்தவர் முன்னால் எதைக் காட்டுவது?

இந்தக் கேள்வியோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்க ஊர்களின் நாடகக் குழுக்காரர்கள். கம்யூனிட்டி தியேட்டர் என்பார்கள். சம்பளம் கிடையாது. பல் மருத்துவர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளி இறுதி வகுப்புப் பையன், அவனோடு அவன் அம்மா என்று வேலை முடிந்து சாயங்காலம் வந்து கூடுவார்கள். பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் இருக்கிற ஃபுட்லைட் கிளப் 1877இல் தொடங்கியது. இன்னும் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் இப்படிப்பட்ட குழுக்களுக்கு 1899இலேயே தேசிய அளவில் ஒரு சங்கம் அமைந்துவிட்டது. நேற்று முளைத்த பொழுதுபோக்கு அல்ல இது.

இந்தக் குழுக்களில் பல ஆண்டுக்கு ஒரு மியூசிக்கலாவது போடும். வசனமும் பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம். ஏன் அதைப் போடுகிறார்கள் என்பதற்குக் கலைக் காரணங்களை எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். உண்மைக் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நாலு பேர் நடிக்கிற சோக நாடகத்துக்கு நாலு குடும்பம் டிக்கெட் வாங்கும். முப்பது பேர் ஆடுகிற மியூசிக்கலுக்கு முப்பது குடும்பம் வாங்கும், பாட்டி தாத்தா உட்பட. ஆகவே தேர்வுக்கு வந்தவர்களில் பலரை வேண்டாம் என்று அனுப்ப மனம் வராது. அனுப்பாமல் சேர்த்துக்கொண்ட அத்தனை பேரையும் கொண்டுவந்து டான்ஸ் மாஸ்டரின் தலையில் கட்டிவிடுவார்கள். இயக்குநருக்கு வசனக் காட்சிகள் போதும், இசை ஆசிரியருக்குக் குரல்கள் போதும். உடம்புகள் நம் பொறுப்பு.

முதலில் ஒரு சட்ட விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அங்கே ஒரு மியூசிக்கலைப் போட வேண்டுமானால் அதன் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வசனப் புத்தகம் வரும், பாட்டுப் புத்தகம் வரும், வாத்தியக்காரர்களுக்கான இசைத்தாள் வரும். பொதுவாக ஆட்டம் வராது. முதன்முதலில் நியூயார்க்கில் ஆடிய ஆட்டம் அதை அமைத்தவருடைய சொத்து. ஹான்யா ஹோம் என்ற அம்மையார் ‘கிஸ் மி, கேட்’ நாடகத்துக்குத் தாம் அமைத்த ஆட்டங்களை லாபன் குறியீட்டில் எழுதச் செய்து 1952இல் பதிவு செய்தார். நம் சங்கீதக்காரர்கள் ஸ்வரம் எழுதி வைப்பதுபோல உடல் அசைவை எழுதி வைக்கும் முறை அது. அமெரிக்காவில் ஆட்ட அமைப்புக்குக் கிடைத்த முதல் பதிப்புரிமை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு 1976ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1978 ஜனவரி முதல் ஆட்ட அமைப்பு வெளிப்படையாகவே பதிப்புரிமைக்குள் அடங்கியது. ஆகவே அந்த நாடகத்தின் சினிமா வடிவத்தைப் பார்த்து அப்படியே இறக்குவது முறையல்ல.

முறையாக இருந்தாலும் அது உதவாது என்பதுதான் நான் சொல்ல வருவது. சினிமாவில் ஆடியவர்கள் பத்து வயதிலிருந்து பயிற்சி எடுத்தவர்கள். ஒரு துள்ளலுக்கும் அடுத்த துள்ளலுக்கும் நடுவே காமிரா நிற்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பல் மருத்துவருக்கு அந்த வசதி இல்லை. அவர் அதே துள்ளலைத் துள்ளும்போது பார்ப்பவர்களுக்கு அந்தச் சினிமா நடிகர் நினைவுக்கு வருவார். அதன்பின் நம் ஆள் என்ன செய்தாலும் குறைதான் தெரியும். ஆட்டத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஆளுக்கு மாட்டினால் தொளதொளவென்று தொங்கும், அல்லது தையல் பிரியும். ஆளிலிருந்து ஆட்டத்தை எடுக்க வேண்டும். சொல்வது சுலபம். எப்படி எடுப்பது? ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு காட்சி காட்சியாகப் பார்க்கலாம்.

அமெரிக்க ஊர்க் குழுக்களுக்கு மிகப் பிடித்த நாடகங்களில் ஒன்று ‘த மியூசிக் மேன்’. எழுதி, இசையமைத்து, பாட்டுகளையும் இயற்றியவர் மெரிடித் வில்சன். ஐயோவா மாநிலத்தில் மேசன் சிட்டி என்ற ஊரில் 1902இல் பிறந்தவர். ஜான் பிலிப் சூசாவின் புகழ்பெற்ற பேண்டில் புல்லாங்குழல் வாசித்தவர். நாடகம் 1957 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறி 1375 காட்சிகள் ஓடியது. சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதை ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யோடு மோதி இதுதான் வாங்கியது. ஆட்டத்தில் புரட்சி செய்த நாடகம் அது. இதுவோ கிராமத்துக் கதை. விருதுக் குழுவின் முடிவைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.

கதை 1912இல் நடக்கிறது. ஹெரால்ட் ஹில் என்றொரு நாடோடி வியாபாரி. ரிவர் சிட்டி என்ற சிற்றூருக்கு வருகிறான். உங்கள் பிள்ளைகளை வைத்து ஒரு பேண்டு அமைக்கிறேன், வாத்தியத்துக்கும் சீருடைக்கும் பணம் கொடுங்கள் என்கிறான். அவனுக்கு இசையில் ஒரு எழுத்தும் தெரியாது. பணம் வந்ததும் ரயிலேறிவிடுவது திட்டம். ஊர் நூலகப் பெண் மரியனுக்கு அவன் மேல் சந்தேகம், பிறகு காதல். கடைசியில் பிள்ளைகள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மினுயெட் என்ற மேற்கத்திய நடன மெட்டு ஒன்றை அரைகுறையாக ஊதுகிறார்கள். கேட்கச் சகிக்காது. பெற்றவர்கள் பூரித்துப்போகிறார்கள். ஊர்க் குழுக்களுக்கு இந்த நாடகம் ஏன் பிடிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கதையே அவர்களுடைய கதை.

இதன் முதல் ஆட்டம் ஓடும் ரயில் பெட்டிக்குள் நடக்கிறது. வியாபாரிகள் உட்கார்ந்து தொழில் பேசுகிறார்கள். வாத்தியமே கிடையாது, பேச்சே ரயில் சத்தமாகிறது. மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மறுபடி தளர்ந்து நிற்கிறது. ஆடுபவர்கள் எழுந்து நிற்க வேண்டியதே இல்லை. வண்டி கிளம்பும்போது ஒரு வெட்டு, ஓடும்போது தோளில் ஒரு குலுக்கல், வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் ஒரு சாய்வு, நிற்கும்போது முன்னால் ஒரு தள்ளல். செய்தித்தாளை ஒருவர் மடிக்கும் நேரத்தில் இன்னொருவர் விரிக்கிறார். ஐம்பது வயது கடந்த, முழங்கால் மடங்காத ஆண்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. ஆனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். யாருடைய தலை எந்தச் சொல்லில் திரும்புகிறது என்பதை ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காமல் ‘எல்லோரும் கொஞ்சம் ஆடுங்க சார்’ என்று விட்டால், பத்து பேர் பத்து ரயிலில் போவார்கள்.

ரயில் நின்றதும் ஊர்க்காரர்கள் தங்களை அறிமுகம் செய்கிறார்கள். நாங்கள் பிடிவாதக்காரர்கள், இறுகிய ஆட்கள், வந்தவனை வாவென்று சொல்லமாட்டோம் என்ற பொருளில் ஒரு பாட்டு. இங்கே அசையாமல் நிற்பதுதான் ஆட்டம். 1962இல் வந்த சினிமாவில், கிராண்ட் வுட் 1930இல் தீட்டிய ‘அமெரிக்கன் காதிக்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தில் உள்ள ஆணையும் பெண்ணையும் போலவே இருவரை நிறுத்திவைத்தார்கள். கையில் வைக்கோல்வாரி, முகத்தில் சிரிப்பின் சுவடு இல்லை. ஆட வராதவர்களுக்குப் பொதுவாகக் கைகால் விறைத்துப்போகும். அந்த விறைப்பை இந்தப் பாட்டில் குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் பாத்திரம். ஆனால் இந்த விறைப்பைப் பத்திரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தின் ஆட்டக்கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. இறுகிக் கிடந்த ஊர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது என்பதுதான் கதை. ஆரம்பத்திலேயே எல்லோரையும் துள்ளவிட்ட டான்ஸ் மாஸ்டர், முடிவில் செலவழிக்கக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பார்.

அடுத்து ஊர்ப் பெண்கள் வம்பு பேசும் பாட்டு. கொத்தித் தின்னும் கோழிகளைப் போலத் தலைகள் மட்டும் ஆடினால் போதும். கழுத்தும் தொப்பியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பள்ளிக் குழு உறுப்பினர்கள் நால்வர், ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள், ஹில் ஒரு ஸ்வரம் கொடுத்ததும் சேர்ந்து பாட ஆரம்பித்து அதிலேயே மயங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆட்டமே வேண்டாம், சேர்ந்து நின்றால் போதும். எப்போதும் சண்டையிட்டு விலகி நின்றவர்கள் தோளுரசி நிற்பதே பார்ப்பவருக்குச் சிரிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது மேயரின் மனைவி யூலாலி நடத்தும் ‘கிளாசிக் டான்ஸ்’ காட்சி. ஊர்ச் சீமாட்டிகள் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு கிரேக்கப் பூச்சாடிகளைப் போல நிலை பிடிக்கிறார்கள். ஃபிரான்ஸ்வா டெல்சார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பாவனைகளுக்கு ஒரு முறை வகுத்திருந்தார். அது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெண்கள் சங்கங்களில் பெரிய மோகமாகிவிட்டது. வில்சன் அதைத்தான் கேலி செய்கிறார். மோசமாக ஆட வேண்டிய ஆட்டம் என்று நினைத்துப் பல குழுக்கள் இதில் தடுக்கி விழுவார்கள், கண்ணைச் சுழற்றுவார்கள், கூட்டம் சிரிக்க வேண்டுமே என்று தவிப்பார்கள். அது தப்பு. அந்தப் பெண்கள் தாங்கள் கலையின் உச்சத்தில் இருப்பதாக நம்புகிறார்கள். முழு சிரத்தையோடு, சுத்தமாக, கையை நீட்ட வேண்டிய அளவு நீட்டி ஆட வேண்டும். அப்போதுதான் சிரிப்பு வரும், கூடவே ஒரு பிரியமும் வரும். சிரிக்க வைக்கும்படி ஆடுவதற்கு நல்லாட்டத்தைவிட அதிக ஒத்திகை தேவை என்பதை இந்த ஒரு காட்சியில் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று நூலகக் காட்சி. சத்தம் போடக்கூடாத இடத்தில் ஆட்டம். புத்தகம் கைமாறுகிறது, படிப்பவர்கள் மேசையைச் சுற்றி நழுவுகிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக அந்த அமைதி உடைகிறது. நூலகத்தையே கட்டுமீற வைக்கும் இந்த ஆட்டத்தையும், நாடகத்திலும் சினிமாவிலும் மற்ற ஆட்டங்களையும் அமைத்தவர் ஒன்னா ஒயிட். இது இளசுகளுக்கான இடம். இரண்டாம் பாதியில் ‘ஷிபூபி’ என்ற பெரிய ஆட்டமும் அவர்களுக்கே. ஊரில் நடனப் பள்ளி இருந்தால் அங்கிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டிவந்து இங்கே இறக்கலாம். டாமி, ஸனீட்டா என்ற இளம் ஜோடி நாடகத்திலேயே இருக்கிறார்கள். குழுவில் இருப்பதிலேயே நன்றாக ஆடுகிற இருவருக்கு அந்தப் பாத்திரங்கள்.

எழுபத்தாறு டிராம்போன்களைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டுக்கு அணிவகுத்து நடந்தால் போதும். நடக்க எல்லோருக்கும் தெரியும். தாளத்தில் நடக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி, ஆனால் ஒரு வாரத்தில் வந்துவிடும். முதலில் இறுகி நின்ற அதே ஆட்கள் இப்போது முழங்காலைத் தூக்கி நடக்கிறார்கள். இதற்கு மேல் அவர்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பார்ப்பவர் ஊர் இளகிவிட்டது என்று புரிந்துகொள்வார்.

ஆக, ஒரே நாடகத்தில் உட்கார்ந்தபடி ஆடுபவர்கள், நின்றபடி ஆடுபவர்கள், தலையால் ஆடுபவர்கள், நடப்பவர்கள், உண்மையாகவே ஆடுபவர்கள் என்று எல்லோருக்கும் இடம் இருக்கிறது. எல்லா நாடகமும் இப்படித் தயவாக எழுதப்பட்டிருக்காது. அப்போது இந்த இடங்களை நாம்தான் உண்டாக்க வேண்டும். தொழில்முறைக்காரர்களே அதைச் செய்திருக்கிறார்கள். 1943இல் ‘ஓக்லஹோமா!’ நாடகத்தில் கதாநாயகியின் கனவை ஒரு நீண்ட பாலே ஆட்டமாக ஆக்னஸ் டி மில் அமைத்தார். அங்கே நாயகன் நாயகிக்குப் பதிலாகக் கனவுக்குரிய வேறு இருவர், பாலே பயின்றவர்கள், வந்து ஆடினார்கள். பாடுகிறவரை ஆடச் சொல்லி வதைக்காமல் வேலையைப் பிரித்துக்கொடுத்தாயிற்று. கனவில் ஆளே மாறுவது கனவுக்கும் பொருந்திவிட்டது.

1954இல் வந்த ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படத்துக்கு ஆட்டம் அமைத்த மைக்கேல் கிட் முதலில் அந்த வேலையையே வேண்டாம் என்றார். மலைக்காட்டு முரடர்கள் எதற்காக ஆடுவார்கள் என்பது அவர் கேள்வி. பிறகு அவர்களுடைய வேலையிலிருந்தே அசைவை எடுத்தார். மரம் வெட்டுவது, அறுப்பது, பலகைமேல் நடப்பது. ஏழு சகோதரர்களில் நாலு பேர் தேர்ந்த நடனக்காரர்கள். ஒருவர் ஜிம்னாஸ்டிக் வித்தைக்காரர். மூத்தவர் பாடகர். ஜெஃப் ரிச்சர்ட்ஸ் என்பவர் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்து சினிமாவுக்கு வந்தவர், நடனம் வராது. களஞ்சியம் எழுப்பும் காட்சியின் பெரிய ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள், அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று. பெரும்பாலும் ஓரத்தில், கூட்டத்தோடு. மற்றவர்கள் பலகைமேல் பறக்கும்போது அவரைத் தேடவே உங்களுக்குத் தோன்றாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அவருக்கு ஜோடியாக வந்த ஜூலி நியூமார் நன்றாக ஆடத் தெரிந்தவர். ஜோடியோடு சேர்ந்து அவரும் பின்னுக்குப் போக வேண்டியதாயிற்று. ஜோடி சேர்க்கும்போது இதையும் யோசியுங்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மியூசிக்கலில் ஆடுபவரே பாடவும் வேண்டும். நம் மேடையில் ஒலிநாடா பாடும், பிள்ளைகள் உதட்டை அசைப்பார்கள். அங்கே அது கிடையாது. ஆகவே நீண்ட கார்வை வருவதற்கு முன்னால் குதிக்க வைக்காதீர்கள். குரல் வரிகளில் கால் எளிதாக இருக்கட்டும். வாத்தியம் மட்டும் வாசிக்கும் இடத்தில் கூட்டத்தை ஓட்டுங்கள். பாட்டை இசை ஆசிரியர் முழுதாகப் பாடம் பண்ணி முடிக்கும்வரை ஆட்டம் சொல்லித்தரவே தொடங்காதீர்கள். சொல்லையும் காலையும் ஒரே நாளில் ஏற்றினால் இரண்டுமே நிற்காது.

அவர்கள் எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று சொன்னால் தயார் என்று அர்த்தம். பயிற்சி இல்லாதவருக்கு எண் நிற்பதைவிடச் சொல் நிற்கும். பாட்டின் எந்தச் சொல்லில் கை மேலே போகிறது என்று சொல்லிக்கொடுத்தால் மறக்கமாட்டார். சொல்லும் அசைவும் பிரியாமல் இருப்பது அபிநயம் கற்ற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒத்திகைக்கு வராதவர் பிரச்சினைக்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். கூட்டத்தை வரிசையாக நிறுத்தாமல் குடும்பங்களாக நிறுத்துங்கள். ஒரு தகப்பன், இரண்டு பெண்கள், ஒரு பாட்டி என்று மூன்று நாலு பேர் கொண்ட கொத்துகள். ஒருவர் வராவிட்டால் அந்தக் கொத்து நெருங்கிக்கொள்ளும். நேர்வரிசையில் ஒருவர் குறைந்தால் விழுந்த பல்லைப்போல் பளிச்சென்று தெரியும். அதோடு, கொத்தில் நிற்பவருக்குத் தான் யார் என்று ஒரு நினைப்பு இருக்கும். வரிசையில் நிற்பவருக்குத் தன் எண் மட்டும்தான் இருக்கும். ஜெரோம் ராபின்ஸ் 1964இல் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ நாடகத்தின் தொடக்கத்தில் ஓர் ஊரையே மேடைக்குக் கொண்டுவந்து, அப்பாக்கள், அம்மாக்கள், மகன்கள், மகள்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டி, வட்டமாக்கினார். காலடி மிகச் சாதாரணம். ஓர் ஊர் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த நாடகத்துக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

இரண்டு சின்ன விஷயங்கள். ஒத்திகையில் எல்லோரும் மேடையில் போடப்போகும் செருப்பையோ ஷூவையோ முன்கூட்டியே போட்டுப் பழகட்டும். சிமென்ட் தரையில் மணிக்கணக்காகக் குதிக்க வைத்தால் கணுக்காலும் முழங்காலும் போய்விடும். அடுத்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஆட்டத்தைப் போலவே ஒத்திகை பாருங்கள். முப்பது பேர் ஒரு குறுகிய ஓரவழியில் முட்டிக்கொள்வதில்தான் பாதி விபத்து நடக்கிறது.

கடைசியாக, உங்களில் சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நன்றாக ஆடுகிற ஆறு பேரை முன்வரிசையில் நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் நிழலில் ஒளித்து வைக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு, நம் பள்ளிகளிலும் உண்டு. முன்வரிசைக்காரர்கள் மாறுவதே இல்லை. பின்னால் நிற்கும் பிள்ளை மூன்று வருடம் அதே இடத்தில் நின்று, ஆட்டம் என்றால் மறைந்து நிற்பது என்று படித்துக்கொண்டு வெளியே போகிறது. அதற்காக எல்லோரும் அழகு, எப்படி ஆடினாலும் சரி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கில்லாமல் ஆடுவது ஒழுங்கில்லாமல் ஆடுவதுதான், பெற்றவர் கைதட்டினாலும். நான் கேட்பது வேறு. ஒவ்வொருவராலும் சுத்தமாகச் செய்ய முடிகிற ஓர் அசைவு இருக்கிறது. ஒருவருக்கு அது செய்தித்தாளை மடிப்பதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து, பாட்டில் அதற்கு ஓர் இடம் செய்து, அந்த நேரம் கூட்டத்தின் கண் அவர்மேல் விழும்படி அமைப்பதற்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டுவிழாவுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், தயவுசெய்து வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத பெயர் இருந்தால் அந்தப் பிள்ளையை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.